திருமலைத் துறைமுகத்தில் எழுந்த பாடல்: 'உனக்குத் தெரியுமா' பற்றிய ஒரு மீள்நோக்கு

ஒரு சமூகத்தின் கலை வரலாற்றை எழுதப் புகுவோர், அச்சமூகம் போற்றிப் பேணிய ஆக்கங்களையே முதலில் நோக்குவர். அது இயல்பே. எனினும், மக்கள் நாள்தோறும் கேட்டும் தம்மையறியாது முணுமுணுத்தும் வந்து, பின்னர் பேணாது விட்டவையும் அவ்வரலாற்றின் பகுதியேயாகும். ஈழத் தமிழரின் இசை வரலாறு பேசப்படும்போது கருநாடக இசை, நாதசுர தவில் மரபு, கூத்துப் பாட்டு, நாட்டார் பாடல் ஆகியன உரிய இடத்தைப் பெறுகின்றன. ஆயின், 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்த மெல்லிசையும் பொப்பிசையும் பெரும்பாலும் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகின்றன. அவ்வரிகளிலும் துள்ளல் நடையில் அமைந்த நகைச்சுவைப் பாடல்களே முந்திக்கொள்கின்றன. திருகோணமலையைச் சேர்ந்த பரமேஸ், கோணேஸ் என்னும் சகோதரர்கள் அளித்த 'உனக்குத் தெரியுமா' என்ற மென்மையான காதற் பாடல் இவ்விரு வகைப் புறக்கணிப்புக்கும் ஆளானது.

ஈழத்தில் வெளிவந்த முதல் தமிழ் இசைத்தட்டு என்று அக்கால இசை நினைவுகளில் பரவலாகக் குறிக்கப்பெறுவது இவ்விருவரின் இசைத்தட்டே. இச்சிறப்பு ஒன்றே அப்பாடலை நினைவுகூரப் போதிய காரணமாகலாம். ஆயினும் 'முதலாவது' என்பது காலவரிசை பற்றிய செய்தியேயன்றித் தரம் பற்றிய மதிப்பீடு ஆகாது. அப்பாடல் எவ்வாறான சூழலில் எழுந்தது, தமிழ்ப் பாட்டில் எதனைப் புதிதாகச் செய்தது, ஏன் மறக்கப்பட்டது என்னும் மூன்று வினாக்களே ஈண்டு ஆராயப்படுகின்றன.

துறைமுகப் பின்னணி

திருகோணமலையின் இசை மரபு மிகத் தொன்மையானது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணமாமலையைப் பாடினார். இராமேச்சரத்தில் நின்றவாறே கடலுக்கு அப்பாலுள்ள இத்தலத்தை அவர் பாடினார் என்பது மரபுவழிச் செய்தி. பின்னர் அருணகிரிநாதரும் இத்தலத்தைத் திருப்புகழிற் பாடினார். போர்த்துக்கேயர் 1620களிற் கோயிலை இடித்துக் கோட்டை அமைத்த பின்பும், ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அக்கோட்டைக்காகப் பொருதிய காலத்தும், கோணேசர் பெயர் அவ்வூர் மக்களின் வாயிலும் பிள்ளைகளின் பெயரிலும் நிலைத்தே நின்றது. 1963இல் மீளக் கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. இளையவரின் பெயரான கோணேஸ் அத்தலப் பெயரின் ஒலியையே தாங்கி நிற்பது நோக்கற்பாலது.

இது ஒரு புறமாக, ஆழமும் அகலமும் கொண்ட இயற்கைத் துறைமுகம் வேறொரு பண்பாட்டையும் அவ்வூருக்குக் கொணர்ந்தது. ஆங்கிலேயக் கடற்படையின் கீழைத்தேயத் தளங்களுள் திருகோணமலை முதன்மையான ஒன்றாக விளங்கியது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கியமை அதன் படைத்துறை முக்கியத்துவத்துக்குச் சான்றாகும். 1957இல் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும் வரை பல நாட்டுக் கடலோடிகள் அவ்வூர்த் தெருக்களில் நடமாடினர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பறங்கியரும் கலந்து வாழ்ந்த நகரம் அது. கிழக்கிலங்கைப் போர்த்துக்கேயப் பறங்கியரிடையே பேணப்பட்ட கப்ரிஞ்ஞா ஆட்ட இசையும், அதனோடு உறவுடைய பைலா இசையும் இலங்கையின் வெகுசன இசைக்கு வலுவான தாளக்கட்டினை வழங்கின.

இத்தகைய நகரத்தில் வளரும் இளைஞன் ஒருவனுக்குக் கோயில் வீதியின் நாதசுரமும் கித்தாரின் நாண்களும் ஒருங்கே அறிமுகமாவது வியப்பன்று. ஒன்றைக் கைவிட்டே மற்றொன்றைப் பற்ற வேண்டும் என்னும் கட்டாயமும் அவனுக்கு இல்லை. பரமேஸ், கோணேஸ் சகோதரர் பாடல்கள் மேனாட்டுக் கருவியைக் கைக்கொண்டும் தமிழ் உச்சரிப்பிற் சிதைவின்றி ஒலிப்பதை இப்பின்னணியோடு சேர்த்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

வானொலியும் இசைத்தட்டும்

துறைமுகம் அளித்தது சூழலை மட்டுமே. பாடலை நாடெங்கும் எடுத்துச் செல்வதற்கு வேறொரு வாயில் தேவைப்பட்டது. அவ்வாயில் வானொலி. 1925 டிசெம்பரிற் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படையினருக்கென அமைந்த ஒலிபரப்பு நிலையம் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. அதன் ஆற்றல் மிக்க கருவிகளைக் கொண்டே இலங்கை வானொலி தென்னாசியா முழுவதும் புகழ் பெற்றது. திருமலைத் துறைமுகத்தைப் பெருந்தளமாக்கிய அதே போர், அத்துறைமுகத்து இளைஞரின் குரலைப் பிற்காலத்திற் பரப்பிய நிலையத்தையும் விட்டுச் சென்றது. 1967இல் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று.

ஆயினும் தமிழ் வர்த்தக ஒலிபரப்பின் பெரும்பகுதியைத் தென்னிந்தியத் திரைப்பாடல்களே நிரப்பின. தமிழகத்து நேயர்களும் அவற்றைக் கேட்பதற்காகவே இலங்கை வானொலியை நாடினர். ஈழத்துக் கலைஞர் ஒருவர் பாடல் இயற்றினால், விசுவநாதனின் இசைக்கும் சௌந்தரராசனின் குரலுக்கும் இடையே கிடைக்கும் சிறு இடைவெளியிலேயே அது ஒலிக்க வேண்டியிருந்தது.

அதே காலத்திற் சிங்கள இசையுலகில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1966ஆம் ஆண்டளவில் கிளரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் மூன்ஸ்ரோன்ஸ் குழுவினைத் தொடங்கி, மின் கித்தாரைச் சிங்கள மெல்லிசையின் நடுவிடத்தில் வைத்தனர். இந்தித் திரைப்பாடல் மெட்டுகளைத் தழுவும் வழக்கத்துக்கு மாறாகச் சொந்த மெட்டும் சொந்தச் சொல்லும் கொண்ட பாடல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. தமிழ்ப் பொப்பிசையின் எழுச்சியை இதிலிருந்து தனித்து நோக்குதல் இயலாது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' ஆகியன பைலாத் தாளத்தைத் தழுவிப் பெரும் புகழ் ஈட்டின. 'சுராங்கனி' தமிழகத் திரைப்படத்திலும் இடம்பெற்றது.

1970இற்குப் பின் அரசு மேற்கொண்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் இங்கு குறிப்பிடத்தக்கவை. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவு குறைந்தபோது ஈழத்துச் சஞ்சிகைகளும் நூல்களும் பெருகின. 'குத்துவிளக்கு' (1972) போன்ற ஈழத்துத் திரைப்படங்கள் இப்பத்தாண்டிலேயே எழுந்தன. உள்ளூரிற் பிறந்ததை உள்ளூரிலேயே சுவைத்தல் என்னும் மனநிலை பரவியமை பாடகர்களுக்கும் துணைசெய்தது எனலாம்.

இவ்வாறான வேளையில் இசைத்தட்டு வெளியிடுதல் துணிவு மிக்க செயலாகும். வானொலிக் கலையகத்திற் பாடும் பாடகர், நிலையத்தின் ஏற்பாட்டைச் சார்ந்து நிற்பவர். இசைத்தட்டு வெளியிடுபவரோ தமது ஆக்கத்தைத் தமது பெயரோடு விலைப்பொருளாக்கிச் சந்தையில் வைக்கிறார். ஒலிபரப்பு காற்றிற் கரைந்துவிடும். இசைத்தட்டு கையிற் பிடிக்கத்தக்க சான்றாக எஞ்சும். இந்தியாவில் 1902 முதலே இசை ஒலிப்பதிவு பெறத் தொடங்கிவிட்டது. ஈழத் தமிழர் தமது சொந்தப் பாட்டைத் தட்டிற் பதித்து வெளியிடுவதற்கு அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. இக்கால இடைவெளியை நினையுங்கால்தான் திருமலைச் சகோதரரின் முயற்சி எத்துணைப் பெரியது என்பது புலனாகும்.

பாடலிற் பேசும் 'நான்'

'உனக்குத் தெரியுமா' என்பது ஒரு வினா. செந்தமிழ் அலங்காரமோ உவமை அடுக்கோ இன்றி, வீட்டிலும் வீதியிலும் வழங்கும் இரண்டு சொற்களே பாடலின் முகப்பாக நிற்கின்றன. பரமேஸ் தாம் விரும்பிய பெண்ணை நினைந்து இயற்றிய பாடல் இது என்பதும், அப்பெண்ணே பின்னாளில் அவருடைய மனைவியானார் என்பதும் பலரும் அறிந்த செய்திகள். மாலினி பரமேஸ் என்ற பெயரில் அவரும் பாடகியாக அறியப்பட்டார்.

இத்தகவல் வெறும் சுவையான கதையன்று. பாடலின் இயல்பை விளங்கிக்கொள்ள அது இன்றியமையாதது. திரைப்பாடலிற் சொல்லை எழுதுபவர் ஒருவர், மெட்டமைப்பவர் மற்றொருவர், பாடுபவர் வேறொருவர், திரையில் வாயசைப்பவர் பிறிதொருவர். அங்கு 'நான்' என்னும் சொல் கதைமாந்தருக்கே உரியது. எத்துணை உருக்கமாக ஒலித்தாலும், அவ்வுருக்கத்துக்குப் பொறுப்பேற்கும் தனியொருவர் அங்கில்லை. பரமேஸின் பாடலிலோ எழுதியவரும் இசையமைத்தவரும் பாடியவரும் ஒருவரே. அங்கு பேசும் 'நான்' யாருடையது என்ற ஐயத்துக்கு இடமில்லை.

தமிழ் மரபை அறிந்தோர் இவ்விடத்தில் ஓர் ஒப்பீட்டினைச் செய்யலாம். அகப்பாட்டில் தலைவனும் தலைவியும் தோழியும் பேசுவர். ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறுதல் அங்கு விலக்கு. புலவர் தம்மை மறைத்துக்கொண்டு மாந்தரைப் பேசவிடுவார். திரைப்பாடல் ஒருவகையில் இக்கூற்று மரபின் வழிவந்தது எனலாம். பத்திப் பாடல் இதனின்று வேறுபட்டது. பதிகத்தின் இறுதிப் பாட்டிற் சம்பந்தர் தம் பெயரைப் பொறித்துச் செல்கிறார். பாடலோடு பாடியவரும் பயணம் செய்கிறார். 'உனக்குத் தெரியுமா' பொருளளவில் அகத்தைச் சார்ந்தது. பேசும் முறையளவிற் பாடியவரின் முத்திரையைத் தாங்கியது. நெய்தல் நிலத்து ஊரொன்றிலிருந்து எழுந்த இரங்கற் குரல் என்று இதனைத் திணை வகுத்துக் கூறவும் இடமுண்டு. ஆனால் அவ்வாறு வகுப்பதால் மட்டும் அதன் புதுமை விளங்கிவிடாது. முன்னிலையில் ஒருத்தியை நோக்கித் தன் பொறுப்பிலேயே ஒருவன் வினவுகிறான். அவ்வினாவை நாடு முழுவதும் கேட்கிறது. தனிப்பட்ட கூச்சமும் பொதுவெளியும் இவ்வாறு சந்திப்பதே அப்பாடலின் உயிர்நிலை.

நகைச்சுவைப் பொப்பிசை இவ்விடத்தில் வேறு வழியிற் செல்கிறது. கள்ளுக்கடை, மாமி, மீன் வாணிகம் என்பன போன்ற சமூகக் காட்சிகளை எள்ளலோடு காட்டுவது அதன் வலிமை. கூட்டமாகக் கைதட்டிப் பாடுவதற்கு அது ஏற்றது. பரமேஸின் பாடலோ தனிமையிற் கேட்பதற்குரியது. பொப்பிசை என்றாலே துள்ளலும் கேலியுமே என்ற எண்ணம் நிலைபெற்றமையால், அவ்வியக்கத்தின் மென்மையான பக்கம் கண்ணிற் படாது போயிற்று.

மேற்கிலிருந்து ஓர் ஒப்புமை

இப்பாடல் எழுந்த அதே காலப்பகுதியில் மேனாட்டிலும் ஒரு பாட்டு வகை உருப்பெற்றுக்கொண்டிருந்தது. த ஹூ என்னும் ஆங்கிலக் குழுவின் பீற் ரவுன்சென்ட் 1967இல் தம் குழுவின் இசையைக் குறிக்கப் 'பவர் பொப்' என்ற தொடரை வழங்கினார். பீற்றில்ஸ் குழுவினரின் தொடக்ககாலப் பாடல்களை முன்மாதிரியாகக் கொண்டு, மூன்று நான்கு நிமிடங்களுக்குள் அடங்கும் தெளிவான மெட்டு, முழங்கும் கித்தார், இணைந்தொலிக்கும் குரல்கள், இளமையின் ஏக்கம் ஆகியவற்றை ஒன்றுசேர்ப்பதே அவ்வகையின் இலக்கணம்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரைச் சேர்ந்த பிக் ஸ்ரார் குழுவின் வரலாறு இங்கு கருதத்தக்கது. 1972இல் வெளிவந்த அக்குழுவின் முதல் இசைத்தட்டைத் திறனாய்வாளர் போற்றினர். ஆயினும் விநியோகம் சீர்குலைந்தமையால் அது கடைகளைச் சென்றடையவில்லை. 1974இன் இரண்டாவது இசைத்தட்டில் இடம்பெற்ற 'செப்டம்பர் கேர்ள்ஸ்' என்னும் பாடலும் அவ்வாறே கேட்பாரற்றுப் போயிற்று. பத்தாண்டு கழித்தே இளைய இசைக்குழுவினர் அதனைத் தேடிக் கண்டனர். 1986இல் பாங்கிள்ஸ் குழு அதனை மீளப் பாடியது. இன்று பவர் பொப் வரலாற்றின் தலையாய பாடல்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

திருமலைப் பாடலைப் பவர் பொப் என்று அழைப்பது மிகைக்கூற்றாகும். முழங்கும் மின் கித்தார் அதில் இல்லை. மெல்லிசையின் அடக்கமே அதில் உண்டு. ஆயினும் சுருக்கம், எளிய சொல், எளிதிற் பற்றும் மெட்டு, நிறைவேறா ஏக்கம் என்பவற்றில் இரண்டும் உறவுடையன. இவற்றினும் முக்கியமான ஒற்றுமை ஒன்றுண்டு. பாடலொன்று மறக்கப்படுவதற்கு அதன் தரக்குறைவுதான் காரணம் என்று கொள்ளுதல் தவறு என்பதை இரு வரலாறுகளும் உணர்த்துகின்றன. கடைக்குச் செல்லாத தட்டும், பேணப்படாத தட்டும், எழுதப்படாத குறிப்புமே பெரும்பாலும் மறதியின் காரணங்கள். வேறுபாடு யாதெனின், மெம்பிஸ் பாடலின் மூலப்பதிவு பேணப்பட்டிருந்தது. தேடியவர்களுக்கு அது கிடைத்தது.

மறதியின் காரணங்கள்

ஈழத்திற் பாடல் மறக்கப்பட்டமைக்கு நான்கு காரணங்களைக் கூறலாம். முதலாவது, ஊடகத்தின் இயல்பு. இசைத்தட்டைச் சுழற்றும் கருவி வசதி படைத்தோர் இல்லங்களிலேயே இருந்தது. 1970களின் இறுதியில் ஒலிநாடாக்கள் பரவியபோது இசைத்தட்டுகள் மூலையில் ஒதுக்கப்பட்டன. சிறிய எண்ணிக்கையில் வெளிவந்த ஈழத்துத் தட்டுகள் மறுபதிப்புப் பெறும் வாய்ப்பு அரிதாயிற்று.

இரண்டாவது, புலமையாளரின் நோக்கு. 1950களிலிருந்து ஈழத்துத் தமிழ்ப் புலமை தேசிய இலக்கியம், மண்வாசனை என்னும் கருத்துகளால் இயக்கப்பட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிற் கூத்து மரபை மீட்டெடுத்தார். பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் இலக்கியத்தைச் சமூகப் பகைப்புலத்தில் வைத்து ஆராய்ந்தனர். இப்பணிகளின் பெருமை குறைவற்றது. எனினும் ஈழத்தின் தனித்துவத்தை நாட்டார் மரபிலும் எதிர்ப்பிலக்கியத்திலும் தேடிய அப்புலமைக்கு, கித்தார் ஏந்திய நகரத்து இளைஞனின் காதற் பாடல் இறக்குமதிச் சரக்காகவே தோன்றியிருத்தல் கூடும். உண்மையில், தென்னிந்தியத் திரைப்பாடலின் முழு ஆதிக்கத்துக்கு நடுவே சொந்தச் சொல்லையும் சொந்த மெட்டையும் முன்வைத்த அம்முயற்சி, தேசிய இலக்கியம் வேண்டிய தற்சார்பினையே வேறொரு களத்திற் செய்துகாட்டியது.

மூன்றாவது, இடம். ஈழத்துத் தமிழ்க் கலை வரலாறு பெரிதும் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் மையமாக வைத்தே எழுதப்பட்டது. கிழக்கின் கூத்து கவனம் பெற்ற அளவுக்குக் கிழக்கின் நகரப் பண்பாடு கவனம் பெறவில்லை.

நான்காவது காரணம் ஏனையவற்றினும் கொடியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அது உலகறிந்த இழப்பு. ஆனால் 1983இலிருந்து 2009 வரை நீடித்த போரில், திருகோணமலையிலும் பிற இடங்களிலும் வீடுகளைவிட்டு மக்கள் மீண்டும் மீண்டும் வெளியேறியபோது அழிந்த தனியார் சேகரிப்புகளை எண்ணியோர் இலர். உயிர் காக்க ஓடும் குடும்பம் பிறப்புச் சான்றிதழையும் நகையையும் எடுத்துச் செல்லும். இசைத்தட்டுக் கட்டினை எடுத்துச் செல்வதில்லை. பரமேஸும் காலப்போக்கில் ஐரோப்பாவுக்குப் புலம்பெயர்ந்தார். பாடியவரும் கேட்டவரும் சிதறியபின், பாடல் சிலரின் நினைவிலேயே தங்கியது.

செய்ய வேண்டுவன

இங்கு ஒரு மறுப்பு எழலாம். இளமைக்காலத்திற் கேட்ட பாடல் எவர்க்கும் இனிக்கும். அவ்வினிமையை வரலாற்று மதிப்பாக உயர்த்துதல் முறையா என வினவலாம். வினா நியாயமானதே. நினைவின் இனிமை சான்றாகாது. பாடலின் சொற்களை மட்டும் தாளில் எழுதிப் படித்தால் அவை பெருங்கவிதையாகத் தோன்றாமலும் போகலாம். ஆயினும் பாட்டு என்பது சொல்லும் மெட்டும் குரலும் கூடிய கலை. மேலும் இப்பாடலின் மதிப்பு அதன் இனிமையில் மட்டும் தங்கியதன்று. ஈழத் தமிழன் ஒருவன் தன் சொல்லைத் தன் மெட்டில், தன் குரலில், தன் பெயரோடு பதித்து வெளியிட்ட தொடக்க நிகழ்வின் ஆவணம் அது. போருக்கு முற்பட்ட திருகோணமலையில் இளைஞர்கள் காதலித்தும் கித்தார் மீட்டியும் இசைத்தட்டுக் கனவு கண்டும் வாழ்ந்தனர் என்பதற்கும் அதுவே சான்று. அந்நகரத்தைப் போரின் களமாக மட்டுமே அறிந்த தலைமுறைக்கு இச்சான்று பெரிதும் வேண்டப்படுவது.

ஆதலின், எஞ்சியுள்ள ஈழத்து இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் தேடித் தொகுத்தல் உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும். 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமமாக்கி வருவது வழிகாட்டியாக அமைகிறது. இணையத்தின் வாயிலாக ஆர்வலர் சிலர் பழைய பாடல்களை மீளக் கேட்கச் செய்துள்ளமையும் பாராட்டத்தக்கது. ஆயினும் ஒலியை மட்டும் ஏற்றினாற் போதாது. தட்டின் முகப்பு, பதிப்பித்தோர் பெயர், வெளியீட்டு ஆண்டு, கருவியிசைத்தோர் விவரம் ஆகியனவும் உடன் பதியப்படல் வேண்டும். பாடியவரும் கருவியிசைத்தோரும் முதுமை எய்தி வருகின்றனர். மனோகரன் 2018இல் மறைந்தார். அவர்தம் வாய்மொழியைப் பதிவுசெய்வதற்கு இன்னும் ஒரு தலைமுறைக் காலம் இல்லை. பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தம் இறுதியாண்டு ஆய்வுக்குத் திருகோணமலையின் இசைக்குழுக்களைத் தலைப்பாகக் கொள்வாராயின், அவர் செல்ல வேண்டிய தொலைவு அதிகமன்று. ஊரிலும் புலம்பெயர் நாடுகளிலும் அக்காலப் பாடல்களை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் உள்ளனர். வினவுவதற்குத்தான் ஆள் வேண்டும்.